டீப் பர்ப்பிள்: போனவர்களும் வந்தவர்களும்

புதுவை வானொலி நேயர்களுக்கு வணக்கம். ஹார்ட் ராக் என்ற அதிரடி கிட்டார் இசை பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். கிடைத்திருப்பது கொஞ்ச நேரம், அதனால் ஒரே ஒரு குழுவை எடுத்துக்கொள்கிறேன்: டீப் பர்ப்பிள். விருது, விற்பனை என்று அடுக்கப் போவதில்லை. அந்தக் குழுவுக்குள் ஆட்கள் வந்ததும் போனதும்தான் எனக்குப் பெரிய கதையாகத் தெரிகிறது. 1968-இல் இங்கிலாந்தில் ஆரம்பித்த குழு இன்னமும் மேடை ஏறுகிறது, ஆனால் முதலிலிருந்து கடைசி வரை எல்லா அணியிலும் இருப்பவர் ஒரே ஒருவர்தான், டிரம்ஸ் வாசிக்கும் இயன் பெய்ஸ்.

நான் கோயில் திருவிழா, கல்யாணம் என்று மெல்லிசைக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கிறவன். எங்களில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் வேறு ஆள் போட்டுச் சமாளிப்போம்; வருகிறவர் போனவர் மாதிரியே வாசிக்க வேண்டும், ரெக்கார்டில் இருப்பதைவிட்டு ஒரு பிட் விலகினாலும் வில்லியனூர்த் திருவிழாவில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் முகத்திலேயே தெரிந்துவிடும். டீப் பர்ப்பிள் இதற்கு நேர் எதிர். வந்தவர் போனவரை நகலெடுக்காதபோதெல்லாம் அந்தக் குழு நன்றாக இருந்தது என்பது என் கட்சி.

முதல் அணியில் பாடியவர் ராட் எவன்ஸ். மென்மையான குரல். அமெரிக்காவில் ஒரு பாட்டு நாலாம் இடம் வரை போனது, அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1969-இல் அவரையும் பேஸ் கிட்டார் வாசித்த நிக் சிம்பரையும் அனுப்பிவிட்டு, எபிசோட் சிக்ஸ் என்ற குழுவிலிருந்து இயன் கில்லன், ராஜர் குளோவர் இருவரையும் சேர்த்தார்கள். கில்லன் உச்சத்தில் போய் அலறினால் கண்ணாடி உடைந்துவிடுமோ என்று இருக்கும். கிட்டாரில் ரிச்சி பிளாக்மோர், கீபோர்டில் ஜான் லார்ட். ரசிகர்கள் 'மார்க் டூ', அதாவது இரண்டாம் அணி, என்று சொல்வது இவர்களைத்தான்.

இங்கே ஒரு கீபோர்டுக்காரனாக நான் கொஞ்சம் நின்றுதான் ஆக வேண்டும். ஜான் லார்ட் வாசித்தது ஹேமண்ட் ஆர்கன். சர்ச்சில் கேட்போமே, கிட்டத்தட்ட அந்தச் சத்தம். அதற்கென்று இருக்கும் ஸ்பீக்கரோடு நிற்காமல், கிட்டாருக்குப் போடும் மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் செருகினார், ஆர்கன் கரகரவென்று உறும ஆரம்பித்துவிட்டது. 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' தொடக்கத்தை கிட்டார் தொட்ட பிள்ளைகள் எல்லோரும் வாசிக்கிறார்கள், புதுச்சேரியில் எந்த வாத்தியக் கடையில் நின்றாலும் காதில் விழும். பாதிப் பேர் பிக் என்ற சின்ன வில்லையால் அடிக்கிறார்கள். பிளாக்மோர் இரண்டு தந்தியையும் விரலால் ஒரே நேரத்தில் கிள்ளுவார், அதனால்தான் அந்த ஒலி அப்படிப் 'பட்'டென்று விழுகிறது. பின்னாலேயே லார்டின் ஆர்கனும் அதே சுரங்களில் சேர்ந்துகொள்ளும்; கிட்டார் என்று நாம் நினைப்பதில் பாதி ஆர்கன்!

அந்தப் பாட்டே நடந்த கதைதான். 1971 டிசம்பரில் ஆல்பம் பதிவு செய்ய சுவிட்சர்லாந்தின் மான்த்ரோ நகரத்துக்குப் போனார்கள். பதிவு செய்ய இருந்த கேசினோவில் அதற்கு முன் அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஜாப்பாவின் கச்சேரி, அதில் யாரோ ஒருவன் கூரையை நோக்கி ஃபிளேர் துப்பாக்கியால் சுட, கட்டடமே எரிந்துபோனது. ஏரி மேல் புகை பரவியதை இவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் காலியாகக் கிடந்த ஒரு ஹோட்டலின் நடைவழியில் வாத்தியங்களைப் போட்டு, ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பதிவு வண்டியை வெளியே நிறுத்தி, வேலையை முடித்தார்கள்.

இவ்வளவு நன்றாகப் போன அணி 1973-இல் உடைந்தது. ஓயாத பயணம், கில்லனுக்கும் பிளாக்மோருக்கும் ஒத்துவரவில்லை. கில்லன் விலக, குளோவரும் போனார். புதிதாக வந்த பாடகர் டேவிட் கவர்டேல், அதுவரை துணிக்கடையில் வேலை பார்த்தவர், வெளியில் யாருக்கும் தெரியாது. பேஸ் வாசிக்க வந்த கிளென் ஹியூஸும் பாடுவார். 1974-இல் வந்த 'பர்ன்' ஆல்பத்தைக் கேளுங்கள், தாழ்ந்த குரலும் உயர்ந்த குரலும் மாறி மாறி வரும், கில்லனின் நிழல்கூட இருக்காது. மார்க் டூ ரசிகர்கள் என்மேல் கோபப்பட்டாலும் சரி, எனக்கு இந்த அணிதான் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும்.

ஆனால் ஃபங்க் என்ற ஆட்டத் தாள இசையின் வாடை ஏறிக்கொண்டே போனது பிளாக்மோருக்குப் பிடிக்கவில்லை. 1975-இல் வெளியேறி ரெயின்போ என்ற சொந்தக் குழுவைத் தொடங்கினார். (நம் அகில இந்திய வானொலியில் ஒரு எஃப்எம்முக்கும் இதே பெயர்தான், உறவு ஒன்றுமில்லை.) அவர் இடத்துக்கு வந்த அமெரிக்கர் டாமி போலின் அருமையான கிட்டார்காரர், போதைப்பழக்கம் அவரை விடவில்லை. 1976-இல் குழு கலைந்தது, அதே வருடம் டிசம்பரில் போலின் 25 வயதில் இறந்துபோனார்.

1980-இல் நடந்தது கூத்து. பழைய பாடகர் ராட் எவன்ஸ், குழுவில் ஒருநாளும் இல்லாதவர்களைச் சேர்த்துக்கொண்டு டீப் பர்ப்பிள் என்ற பெயரிலேயே கச்சேரி செய்தார். வழக்கு வந்து 6,72,000 டாலர் நஷ்ட ஈடு, பழைய பாடல்களின் ராயல்டியும் போனது. பெயர் இருந்தால் போதும் என்று நினைத்ததற்கு அவ்வளவு விலை.

1984-இல் மார்க் டூ திரும்பச் சேர்ந்தது. 1989-இல் கில்லனை நீக்கிவிட்டு, ரெயின்போவில் பாடிய ஜோ லின் டர்னரைக் கொண்டுவந்தார்கள், ஆல்பமும் ரெயின்போ மாதிரியே ஒலித்தது. சரி என்று கில்லனைத் திரும்ப அழைத்தார்கள், 1993-இல் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே பிளாக்மோர் கிளம்பிவிட்டார். கிட்டாரில் ஜோ சாட்ரியானி சில மாதங்கள் கைகொடுத்தார். பிறகு ஸ்டீவ் மோர்ஸ். இவர் இடையில் கொஞ்ச காலம் விமானம் ஓட்டியவர்! 2022-இல் மனைவியின் உடல்நிலை காரணமாக விலகும்வரை, பிளாக்மோரைவிட அதிக வருடங்கள் வாசித்திருக்கிறார், ஆனாலும் ஜனங்கள் அதை பிளாக்மோர் குழு என்றே சொல்கிறார்கள். இப்போது சைமன் மெக்பிரைட். லார்ட் 2002-இல் ஓய்வு பெற்றதும் வந்த டான் ஏரி இன்னமும் இருக்கிறார்.

பெய்ஸை மட்டும் யாரும் மாற்றவில்லை. அவர் இடதுகைக்காரர், டிரம்ஸ் செட் முழுவதும் இடம் வலம் மாறி இருக்கும். ஜூன் 21 இசைத் திருநாளில் நம் ஊரில் மேடைக்கு ஒரு செட்தான், எல்லாக் குழுவும் அதிலேயே வாசிக்க வேண்டும். இடதுகைப் பையன் ஒருவன் வந்தால் ஹை-ஹாட் என்ற ஜோடித் தட்டிலிருந்து ஒவ்வொன்றையும் திருப்பிவைப்பதற்குள் ஒலிபெருக்கிக்காரர் கத்த ஆரம்பித்துவிடுவார். பெய்ஸின் வாசிப்பில் சத்தத்தைவிட ஸ்விங் என்கிற தாள ஆட்டம் அதிகம், ஜாஸ் கேட்டு வளர்ந்த கை. மேலே யார் வந்து எப்படி வாசித்தாலும் தாங்கிக்கொள்ளும்.

புதிதாகக் கேட்கிறவர்கள் 1972-இல் ஜப்பானில் பதிவான நேரலை ஆல்பத்தில் தொடங்குங்கள். அதைக் கேட்ட கையோடு, மோர்ஸ் வந்த புதிதில் 1995-இல் மும்பையில் நடந்த கச்சேரிப் பதிவையும் பாருங்கள். இரண்டிலும் வரும் பாட்டுகளில் கிட்டாரை மட்டும் தனியாகக் கவனித்தாலே போதும். நன்றி, வணக்கம்.