250 ரூபாய்க்கு மல்லிகை எண்ணெயா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

[காட்சி: மேசை மேல் 10 மில்லி பாட்டில்]

வணக்கம். லேபிளில் 'சுத்தமான மல்லிகை எசென்ஷியல் ஆயில்', விலை 250 ரூபாய். வீட்டில் சோப்பு, சென்ட் செய்கிற நிறைய பேர் இதை நம்பி வாங்குகிறார்கள்.

மல்லிகையை யாரும் இப்போது யூகலிப்டஸ் மாதிரி ஆவியில் காய்ச்சி எண்ணெய் எடுத்து விற்பதில்லை, சூட்டில் அந்த வாசனை தாங்காது. உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் பூவின் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குகிற அத்தர் வேறு கதை.

[காட்சி: தரையில் பரப்பிய மொட்டுகள்]

சத்தியமங்கலம் பக்கம் குண்டுமல்லியைக் காலையில் மொட்டாகப் பறிப்பார்கள். மாலை கட்ட மொட்டுதான் வேண்டும். ஆனால் பூ விரியும்போதுதான் வாசனையே உருவாகிறது என்பதால், ஃபேக்டரியில் மொட்டைத் தரையில் மெல்லிசாகப் பரப்பிவிட்டுக் காத்திருந்து, ராத்திரி விரிந்ததும் ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைக்கிறார்கள். ஹெக்சேனை ஆவியாக்கி எடுத்தால் மெழுகு மாதிரி ஒன்று நிற்கும், அதன் பெயர் காங்கிரீட். அதை ஆல்கஹாலில் கரைத்து, குளிரவைத்து, மெழுகை வடிகட்டி, ஆல்கஹாலையும் நீக்கினால் கிடைப்பது அப்சொல்யூட், அதாவது நிஜமான மல்லிகைச் சாறு.

ஒரு கிலோ அப்சொல்யூட்டுக்குக் குண்டுமல்லி ஒரு டன்னுக்கு மேல் வேண்டும். பூ கிலோ 200 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம், முகூர்த்த நாளில் அதெல்லாம் நடக்காது. பூவுக்கு மட்டும் 2 லட்சம். பத்து கிராமுக்கு 2,000 ரூபாய். அப்படியானால் 250 ரூபாய் பாட்டிலில் இருப்பது என்ன? பெரும்பாலும் பென்சைல் அசிடேட் மாதிரி செயற்கை வாசனைப் பொருள்கள். அதுகூடத் தப்பில்லை, லேபிளில் அப்படியே போட்டால் சரி.

இனி நிஜமான சரக்கு. இதுதான் எனக்குப் பெரிய கவலை. ஒரு டன் பூவின் வாசனை ஒரு கிலோவுக்குள் சுருங்குகிறது என்றால், பூவில் இருந்த மற்றதும் சேர்ந்தே சுருங்குகிறது. மல்லிகைக்கு மொட்டுப்புழு தொல்லை அதிகம், மருந்து அடிக்காத தோட்டம் குறைவு. எண்ணெயில் கரையும் பூச்சிமருந்துகளை ஹெக்சேன் விட்டுவைக்காது, வாசனையோடு சேர்த்து இழுத்துக்கொண்டு வரும்.

அப்புறம், இயற்கை என்றாலும் தோலுக்கு ஒவ்வாமை வரும். சர்வதேச வாசனைத் துறை அமைப்பான இஃப்ரா, குண்டுமல்லிக்கும் ஜாதிமல்லிக்கும் தனித்தனி வரம்பு வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் லேபிளில் பெயர் சொல்லியாக வேண்டிய ஒவ்வாமைப் பொருள்களின் பட்டியலை 2023இல் நீட்டியபோது மல்லிகைச் சாறும் அதில் சேர்ந்தது.

[காட்சி: சான்றிதழ் தாள்கள்]

வாங்கும்போது கேளுங்கள்: தாவரப் பெயர் 'சம்பக்' (குண்டுமல்லி) என்றா, 'கிராண்டிஃப்ளோரம்' (ஜாதிமல்லி) என்றா? எந்த ஊர்ப் பூ? பேட்ச் எண்ணோடு, உள்ளே என்னென்ன பொருள் இருக்கிறது என்று காட்டும் ஜிசிஎம்எஸ் ரிப்போர்ட் உண்டா? ஹெக்சேன், பூச்சிமருந்து எச்சம் பார்த்தார்களா? இஃப்ரா சான்றிதழ் எங்கே? நல்ல வியாபாரி இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார். கைக்கு வந்ததும் தோலில் நேரடியாகத் தடவிப் பார்க்காதீர்கள். ஆல்கஹாலில் கலந்து, காகிதப் பட்டையில் ஒரு சொட்டு விட்டு, காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை முகர்ந்து பாருங்கள்.