ஒன்பது நிமிடத்துக்காக நான்கு மணி நேரம்

நேயர்களுக்கு வணக்கம். குழந்தைகளின் சிறுநீரக நோய்களுக்கான சிறப்பு மருத்துவப் பிரிவு ஒன்றில் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். அங்கே வரும் பெற்றோர் மனநிறைவோடு வீடு திரும்புகிறார்களா, இல்லையென்றால் அதற்கு என்ன காரணம் என்பதைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

வாரத்தில் ஒரு நாள் மட்டுமே நடக்கும் எங்கள் பிரிவுக்கு ஏறக்குறைய 60 குழந்தைகள் வருவார்கள். முன்பெல்லாம் அனைவரையும் காலை 8 மணிக்கே வரச் சொல்லிவிடுவோம். மருத்துவர்கள் மூவர், ஒரு குழந்தைக்கு 9 நிமிடம். 9 மணிக்குத் தொடங்கினால் கடைசிக் குழந்தையின் முறை வர 12 மணி ஆகிவிடும். முதல் பேருந்தைப் பிடித்து, தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த தாய், அந்த 9 நிமிடத்துக்காக நான்கு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். மருத்துவரின் கண்ணில் இது படுவதே இல்லை. ஏனெனில் அவர் எதிரே எப்போதும் ஒரு குழந்தை இருக்கிறது. பிரிட்டனில் நார்மன் பெய்லி, வெல்ச் என்ற ஆய்வாளர்கள் 1952இலேயே லான்செட் மருத்துவ இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். ஒருவரைப் பார்க்கச் சராசரியாக எவ்வளவு நேரம் ஆகிறதோ அதையே இடைவெளியாக வைத்து முறைநேரம் கொடுக்க வேண்டும், தொடக்கத்தில் மட்டும் இருவரைச் சேர்த்து வரச் சொல்ல வேண்டும், மருத்துவரும் நேரத்துக்கு வர வேண்டும் என்பது அவர்கள் காட்டிய வழி.

குழந்தைகள் பிரிவில் தாமதம் இன்னொரு தாமதத்தைப் பெற்றெடுக்கும். மூன்று மணி நேரம் பசியோடு காத்திருந்து அழும் பிள்ளையின் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தால், அளவு உள்ளதைவிட அதிகமாகவே காட்டும். அந்த எண்ணை நம்பி மருந்து எழுத முடியாது. பிள்ளையைச் சமாதானப்படுத்தி, பால் கொடுக்கச் சொல்லி, மறுபடியும் பார்க்க வேண்டும். அதற்குள் பின்னால் இருப்பவர்களின் முறை மேலும் தள்ளிப் போகும்.

எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகள். சிறுநீரில் புரதம் ஒழுகி, காலையில் எழும்போது கண் இமைகள் வீங்கியிருக்கும் நோய் அது. குணமான பிறகும் திரும்பத் திரும்ப வரக்கூடியது என்பதால், காலையில் முதல் சிறுநீரை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கத் தாய்மார்களுக்குச் சொல்லித் தருகிறோம். ஒரு தாய் கொண்டுவரும் நாற்பது பக்க நோட்டு என் நினைவில் நிற்கிறது. தேதி, புரதத்தின் அளவு, இந்த நோய்க்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்தான பிரெட்னிசோலோன் மாத்திரை, சளி பிடித்த நாள் எல்லாம் கோடு போட்டு எழுதியிருப்பார். அதைப் புரட்டிய அரை நிமிடத்தில் இரண்டு மாதக் கதை எனக்குத் தெரிந்துவிடும். மீதி நேரம் முழுவதும் அவருடைய கேள்விகளுக்கே. தொடர்ந்து மூன்று நாள் சோதனையில் புரதம் 3+, அதாவது மிக அதிகம், என்று காட்டினால் நோய் திரும்பிவிட்டது என்று பொருள். அப்போது முறைநாள் வரை காத்திராமல் உடனே தொலைபேசியில் அழைக்கலாம் என்று நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிக் கொடுக்கிறோம்.

இப்போது எங்கள் பிரிவில் மணிக்கு 20 குழந்தைகள் என்று பிரித்து நேரம் தருகிறோம். எடை, உயரம், ரத்த அழுத்தம் ஆகியவற்றை வந்தவுடனே செவிலியர் பார்த்துவிடுகிறார். தாமதமானால் எவ்வளவு தாமதம், எதனால் என்பதை அவரே வெளியே வந்து சொல்கிறார். பெற்றோரின் கோபம் பெருமளவு தணிந்தது இந்தக் கடைசி ஏற்பாட்டால்தான் என்று உறுதியாகச் சொல்வேன். காரணம் தெரிந்தால், பிள்ளைக்கு இட்லி வாங்கிக் கொடுத்துவிட்டு வரவாவது அவர்களால் முடிகிறது.

மருந்தக வரிசை மட்டும் இன்னும் குறையவில்லை. எங்களிடம் 10 மணிக்கே முடித்தவர்கள் அங்கே 11 மணி வரை நிற்கிறார்கள். அடுத்த முறைநாள் வரைக்குமான மாத்திரைகளை எங்கள் அறையிலேயே கொடுக்க அனுமதி கேட்டிருக்கிறோம்.