திரும்பி வந்தவரிடம் நாம் கேட்கும் கேள்வி

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கடத்தப்பட்டு, பல ஆண்டுகள் தகவலே இல்லாமல் இருந்த ஒருவர் உயிரோடு கிடைத்துவிட்டார் என்று செய்தி வந்தால், கேட்கிற எவருக்கும் முதலில் கண் கலங்கும். அந்தக் குடும்பம் யாரென்று நமக்குத் தெரியாது. அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. இருந்தும் நம் வீட்டுப் பிள்ளையே வந்துவிட்ட மாதிரி இருக்கும். அந்த மகிழ்ச்சி உண்மையானது, அதை நான் குறை சொல்ல வரவில்லை. இன்று பேச வந்தது அதற்கு அடுத்த வாரத்தைப் பற்றி. கொண்டாடி முடித்த ஊர், வந்தவரை எப்படிப் பார்க்கிறது, அவரிடம் என்ன கேட்கிறது என்பதைப் பற்றி.

2013 மே 6ஆம் தேதி, அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் சீமோர் அவென்யூ என்ற தெருவில் ஒரு வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினார். அக்கம்பக்கத்தார் ஓடி வந்து கதவின் கீழ்ப்பகுதியை உதைத்து உடைத்தார்கள். வெளியே வந்தவர் அமாண்டா பெர்ரி. கூடவே, சிறைவாசத்தில் பிறந்த ஆறு வயது மகள். உள்ளே போன போலீஸ் இன்னும் இரண்டு பெண்களைக் கண்டது: ஜீனா டிஹேசூஸ், மிஷேல் நைட். மூவரும் ஒன்பது முதல் பதினோரு ஆண்டு வரை அங்கே அடைபட்டுக் கிடந்தவர்கள். அன்று இரவு தெருவில் கூட்டம், கைதட்டல், கார் ஹாரன் சத்தம். பெர்ரி, டிஹேசூஸ் குடும்பங்களின் வீட்டு வாசல்களில் பலூன்கள், ரிப்பன்கள், வரவேற்புப் பலகைகள்.

மூன்றாவது பெண்ணுக்கு அப்படி ஒரு வாசல் இல்லை. மிஷேல் நைட் 2002இல் காணாமல் போனபோது அவருக்கு வயது 21. பெரிய பெண், தானாகவே எங்கோ போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்கள். பதினைந்து மாதம் கழித்து, காணாமல் போனோர் பதிவிலிருந்து அவர் பெயரையே எடுத்துவிட்டார்கள். மற்ற இருவருக்காக ஆண்டுதோறும் மெழுகுவர்த்தி ஏந்திக் கூட்டம் நடந்தது. டிஹேசூஸுக்காக நடந்த அப்படியொரு கூட்டத்தில் கடத்தியவனே வந்து நின்றான் என்று பின்னால் அந்தப் பகுதி மக்கள் சொன்னார்கள். ஆனால் நைட்டுக்காக மெழுகுவர்த்தி ஏந்த ஊர் கூடவில்லை.

இந்தச் சம்பவத்தில் எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இதுதான். யாருடைய முகத்தைச் சுவரொட்டியில் பார்த்துப் பார்த்து மனதில் வைத்திருந்தோமோ, அவர் வரும்போதுதான் நமக்குக் கொண்டாடத் தோன்றுகிறது. ஒருவர் திரும்பி வரும் நாளில் ஊர் எப்படி நடந்துகொள்ளும் என்பது, அவர் காணாமல் போன அன்றே பாதி முடிவாகிவிடுகிறது. அவர் என்ன வயது, எந்த நிறம், குடும்பத்துக்கு ஊரில் எவ்வளவு குரல் இருக்கிறது, ஏற்கெனவே ‘சிக்கலான ஆள்’ என்று பெயர் எடுத்தவரா? இதையெல்லாம் பார்த்துத்தான் தேடுகிறோம்.

பெர்ரியின் தாயையும் சொல்ல வேண்டும். மகளைத் தேடி அலைந்த அந்த அம்மாவிடம், 2004இல் குறி சொல்கிற ஒருவர் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வைத்தே, உங்கள் மகள் உயிரோடு இல்லை என்று சொன்னார். 2006இல் அந்தத் தாய் இறந்துபோனார். மகள் அப்போது சில மைல் தொலைவில் உயிரோடு இருந்தார். கேமரா முன்னால் ஒரு தாயின் நம்பிக்கையைப் பிடுங்கி எறியும் உரிமை யாருக்கும் கிடையாது.

சரி, அந்தக் கேள்விக்கு வருகிறேன். திரும்பி வந்தவரிடம் சீக்கிரமே கேட்கப்படுவது இதுதான்: “ஏன் ஓடி வரவில்லை?”

எலிசபெத் ஸ்மார்ட் 2002 ஜூனில், 14 வயதில், சால்ட் லேக் சிட்டியில் தன் படுக்கையறையிலிருந்தே கத்திமுனையில் கடத்தப்பட்டார். ஒன்பது மாதம் கழித்து 2003 மார்ச்சில் மீட்கப்பட்டார். அந்தக் காலத்தில் முகத்தை மூடிய உடையோடு அவரைப் பொது இடங்களுக்கே கூட்டிப் போயிருக்கிறார்கள். ஒருமுறை நூலகத்தில் ஒரு போலீஸ்காரர் வந்து, முகத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். எங்கள் மதத்தில் அதற்கு இடமில்லை என்றான் கடத்தியவன். போலீஸ்காரர் போய்விட்டார். இதைத் தெரிந்துகொண்ட பிறகும், அந்தச் சிறுமி ஏன் கத்தவில்லை என்றுதான் உலகம் கேட்டது. அந்தக் கேள்வி தன் காதில் குற்றச்சாட்டாகவே விழுகிறது என்று ஸ்மார்ட் பிற்பாடு பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

மிசௌரி மாநிலத்தில் 11 வயதில் கடத்தப்பட்ட ஒரு சிறுவன் நான்கு ஆண்டுக்கு மேல் கழித்து 2007 ஜனவரியில் கிடைத்தான். அவன் வெளியே போய் வந்திருக்கிறான் என்று தெரிந்ததும், பிரபலமான ஒரு தொலைக்காட்சிப் பேச்சாளர், பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை என்பதால் அந்த வாழ்க்கை அவனுக்குப் பிடித்திருக்கும் என்கிற பொருளில் பேசினார். கிடைத்துச் சில நாள்கூட ஆகாத பையனைப் பற்றிய பேச்சு இது!

அடைத்து வைப்பவன் பூட்டை மட்டும் நம்புவதில்லை. கிளீவ்லாந்து வீட்டில் அவன் வேண்டுமென்றே கதவைத் திறந்து வைத்துச் சோதிப்பான். நகர்ந்தால் அடி விழும். அதனால்தான் தப்பிய அன்றுகூட, அறைக்கதவு பூட்டாமல் கிடந்ததைப் பார்த்த பெர்ரிக்கு, இதுவும் சோதனையோ என்ற பயம் வந்தது. சாப்பாடு, வெளிச்சம், கழிவறை எல்லாம் ஒரே ஆளின் கையில் இருக்கும்போது, ஓடினால் உன் வீட்டாரைக் கொன்றுவிடுவேன் என்று அவன் சொன்னால் ஒரு குழந்தை நம்பாமல் என்ன செய்யும்? குழந்தையை விடுங்கள், நாம் நம்ப மாட்டோமா?

இதைவிடக் கொடுமையான ஒரு வழியும் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 1972இல் ஸ்டீவன் ஸ்டெய்னர் என்ற ஏழு வயதுச் சிறுவனைக் கடத்தியவன், உன் பெற்றோருக்கு நீ வேண்டாமாம், நீதிமன்றமே உன்னை எனக்குக் கொடுத்துவிட்டது என்று சொல்லி வளர்த்தான். ஏழு ஆண்டு அந்தப் பையன் ஓடவில்லை. 1980இல் அதே ஆள் ஐந்து வயதுக் குழந்தை ஒன்றைக் கடத்தி வந்தான். அப்போது 14 வயதான ஸ்டீவன், அந்தக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு ராத்திரியில் வண்டிகளை நிறுத்தி ஏறி, யுக்கையா நகரக் காவல் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தான். தனக்காகத் தப்ப முடியாதிருந்த பையன், இன்னொரு பிள்ளைக்காகத் தப்பினான். நாடே அவனை வீரன் என்றது. அப்புறம் பள்ளிக்குப் போனால், அவனுக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைச் சொல்லிச் சொல்லிச் சக மாணவர்கள் கேலி செய்தார்கள். வீட்டிலோ அவனை இன்னும் ஏழு வயதுப் பிள்ளையாகவே பார்த்தார்கள். ஒரு மோட்டார் சைக்கிள் விபத்தில் 24 வயதிலேயே அவர் இறந்தார்.

நான் நம்புவதைச் சொல்லிவிடுகிறேன். “நீ ஏன் ஓடவில்லை” என்று கேட்பவரின் அடிமனதில், “நாங்கள் ஏன் பார்க்கவில்லை” என்ற கேள்வி இருக்கிறது. அது நம்மால் தாங்க முடியாத கேள்வி. அதனால் திருப்பி அவர் மேல் போட்டுவிடுகிறோம்.

ஜெய்சி டூகார்டைப் பாருங்கள். 1991 ஜூனில், 11 வயதில், பள்ளிப் பேருந்துக்கு நடந்து போகும் வழியில் கடத்தப்பட்டார். 18 ஆண்டு கழித்து 2009 ஆகஸ்டில் கிடைத்தார். அவரை வைத்திருந்தவன் ஏற்கெனவே கடத்தல், வன்புணர்வு வழக்கில் தண்டனை பெற்று, பரோலில் கண்காணிப்பில் இருந்தவன். அதிகாரிகள் அந்த வீட்டுக்குப் பலமுறை போய் வந்திருக்கிறார்கள். 2006இல் அக்கம்பக்கத்தவர் ஒருவர் போலீசுக்குத் தொலைபேசியில் சொன்னார்: பின்புறத்தில் கூடாரங்கள் இருக்கின்றன, குழந்தைகள் இருக்கிறார்கள் என்று. வந்த அதிகாரி முன்புறம் நின்று பேசிவிட்டுப் போய்விட்டார். பின்புறம் போய்ப் பார்க்கவில்லை. மூன்று ஆண்டு கழித்து, பெர்க்லி பல்கலைக்கழகத்தின் காவல் பிரிவில் இருந்த இரண்டு பெண்கள், அவனோடு வந்த இரு சிறுமிகளின் முகத்தைப் பார்த்தார்கள். ஏதோ சரியில்லை என்று தோன்றியது. அவன் பின்னணியைத் தேடினார்கள், பரோல் அதிகாரியைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவ்வளவுதான், அத்தனை ஆண்டு மர்மம் அவிழ்ந்தது. அந்தச் சிறுமிகள் டூகார்டின் மகள்கள். 2010இல் கலிஃபோர்னியா மாநிலம் அந்தக் குடும்பத்துக்கு 2 கோடி டாலர் கொடுத்தது.

அந்த 18 ஆண்டும், கடத்தலைக் கண்ணால் பார்த்துச் சைக்கிளில் துரத்தியும் போன வளர்ப்புத் தந்தையின் மேல் சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. ஸ்மார்ட் வழக்கிலும், சம்பந்தமே இல்லாத ஒரு கூலியாள் சந்தேக வளையத்தில் இருந்தபடியே சிறைக்காவலில் மூளை ரத்தக்கசிவால் இறந்தார். உண்மை தெரிந்த பிறகு இவர்களுக்காக ஊர் கூடுவதில்லை.

ஆஸ்திரியாவில் நடந்தது வேறு மாதிரி. நடாஷா கம்பூஷ் 1998 மார்ச் 2 அன்று, பத்து வயதில், வியன்னாவில் பள்ளிக்குப் போகும்போது கடத்தப்பட்டார். 2006 ஆகஸ்ட் 23 அன்று, காரைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது, கடத்தியவன் தொலைபேசியில் பேச அந்தப் பக்கம் நகர, ஓடித் தப்பினார். 3,096 நாள். கடத்தல் நடந்த கொஞ்ச நாளிலேயே, வெள்ளை வேன் ஒன்றைத் தேடிய போலீஸ் அவன் வீட்டு வாசல் வரை வந்திருக்கிறது. கட்டட இடிபாடு ஏற்றத்தான் வேன் என்று அவன் சொன்னதை ஏற்றுக்கொண்டு திரும்பியது.

வந்த பெண் உடைந்து அழும் சிறுமியாக இல்லை. தெளிவாக, அளந்து பேசினார். ஒரு வாரத்துக்குள் பொதுமக்களுக்கும் ஊடகங்களுக்கும் கடிதம் எழுதி, அந்தரங்கமான கேள்விகளுக்குப் பதில் சொல்ல மாட்டேன் என்று அறிவித்தார். தன்னை அடைத்து வைத்தவன் அன்றே ரயில் முன் விழுந்து இறந்ததை அறிந்து அவனுக்காகவும் வருந்தினார். எந்த வீட்டில் அடைபட்டிருந்தாரோ, அந்த வீடே பிறகு அவர் உடைமையானது. அவ்வளவுதான், இரக்கம் வெறுப்பாக மாறியது. பொய் சொல்கிறாள், பணத்துக்காகப் பேசுகிறாள், உடந்தையாக இருந்தாள் என்றெல்லாம் பேச்சு. ஸ்டாக்ஹோம் நோய்க்குறி, அதாவது அடைத்து வைத்தவன் மேலேயே பாசம் வைத்துவிடும் மனநிலை, என்று பெயரும் சூட்டிவிட்டார்கள். தன் அனுபவத்தைத் தானே விளக்கும் உரிமையை அந்தப் பெயர் பறிக்கிறது என்று அவர் மறுத்தார். அவர் சொல்வதுதான் சரி என்று நினைக்கிறேன். எட்டு ஆண்டு பெரும்பாலும் வேறு மனித முகமே இல்லாமல் வளர்ந்த ஒருவர், அந்த ஒரே முகத்தைப் பற்றி என்ன உணர வேண்டும் என்று நாம் எப்படி உத்தரவு போட முடியும்?

ஒருவர் இருவர் என்று இல்லாமல் கூட்டமாகக் கடத்தப்படும் இடங்களில், ஊருக்கே திரும்பி வருபவரைக் கண்டு அச்சம். நைஜீரியாவின் சிபோக்கில் 2014 ஏப்ரல் 14 இரவு, போக்கோ ஹராம் என்ற ஆயுதக் குழு 276 மாணவிகளைக் கடத்தியது. 57 பேர் தொடக்கத்திலேயே தப்பினார்கள். 2016 அக்டோபரில் 21 பேரும், 2017 மே மாதம் 82 பேரும் விடுவிக்கப்பட்டபோது உலகமே மகிழ்ந்தது. ஆனால் அதே வடகிழக்கு நைஜீரியாவில், பெயர் தெரியாத எத்தனையோ பெண்கள் அந்தக் குழுவின் முகாம்களிலிருந்து மீண்டு வந்தார்கள். அவர்களைப் ‘போக்கோ ஹராம் மனைவிகள்’ என்று ஒதுக்கினார்கள், பிள்ளைகளைக் கெட்ட ரத்தம் என்றார்கள். யுனிசெஃபும் இன்டர்நேஷனல் அலர்ட் அமைப்பும் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பதிவு செய்திருக்கிறது. ஊராரின் அச்சத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கடத்தப்பட்ட சிறுமிகளையே தற்கொலைத் தாக்குதலுக்கு அனுப்பிய காலம் அது. ஆனால் கைக்குழந்தை என்ன செய்தது?

வடக்கு உகாண்டாவில், 1996 அக்டோபரில் அபோக்கே என்ற ஊரின் பெண்கள் பள்ளியிலிருந்து 139 மாணவிகளைக் கிளர்ச்சிப் படை பிடித்துப் போனது. துணைத் தலைமையாசிரியையாக இருந்த இத்தாலியக் கன்னியாஸ்திரி ரஷேலே ஃபசேரா, காட்டுக்குள் அவர்கள் பின்னாலேயே போய்ப் பேசி 109 பேரை மீட்டு வந்தார். 30 பேரை அவர்கள் விடவில்லை. பின்னர் ஆண்டுக்கணக்கில் ஒவ்வொருவராகத் தப்பி வந்தவர்களில் சிலர் குழந்தையோடு வந்தார்கள்.

அந்தப் பகுதியின் அச்சோலி மக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நெடுநாள் பிரிந்திருந்தவர் வீடு திரும்பும்போது, வாசலில் ஒரு முட்டையை வைப்பார்கள். பக்கத்தில் தானியக் களஞ்சியத்தைத் திறக்க உதவும் கோல் ஒன்று. வந்தவர் முட்டையை மிதித்து உடைத்து உள்ளே வருவார். அந்தக் கோல் எதற்கு என்றால், இனி இந்த வீட்டுத் தானியத்தில் உனக்கும் பங்கு உண்டு என்று சொல்ல. அங்கே என்ன நடந்தது என்று வாசலிலேயே விசாரணை கிடையாது. இந்தச் சடங்கால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. காட்டில் பிறந்த பிள்ளைகளுக்குத் தந்தை வழியும் இல்லை, நிலத்தில் பங்கும் இல்லை என்ற சண்டைகள் நடந்தன. ஆனாலும், வந்தவரை எப்படி எதிர்கொள்வது என்று ஊரே கூடி முன்கூட்டி யோசித்து வைத்திருப்பதை நான் மதிக்கிறேன். நம்மில் பலருக்கு அப்படி ஒரு வழி இல்லை. தொலைக்காட்சி வண்டிதான் முதலில் வாசலில் நிற்கிறது.

கிளீவ்லாந்து மக்கள் செய்த நல்லதையும் சொல்ல வேண்டும். அந்தப் பெண்களுக்காக ஒரு நிதி தொடங்கி 10 லட்சம் டாலருக்கு மேல் சேர்த்தார்கள். அந்த வீட்டை அதே ஆகஸ்டில் இடித்தார்கள். ஆனால் எங்களைக் கொஞ்சம் தனியாக விடுங்கள் என்று கேட்க, அந்தப் பெண்கள் ஜூலையில் காணொலி வெளியிட வேண்டியிருந்தது. பின்னாளில் டிஹேசூஸ் காணாமல் போனோரின் குடும்பங்களுக்காக ஒரு மையத்தைத் தொடங்கினார். பெர்ரி உள்ளூர்த் தொலைக்காட்சியில், காணாமல் போனவர்களைப் பற்றிய பகுதியை வழங்கத் தொடங்கினார்.

அந்த மூவர் கிடைத்த இரவில், அதே நகரத்தில் 2007இல் காணாமல் போன இன்னொரு சிறுமியின் குடும்பமும் காத்திருந்தது, அந்த வீட்டுக்குள் நம் பிள்ளையும் இருப்பாளோ என்று. அவள் அங்கே இல்லை. ஒரு வீட்டில் கொண்டாட்டம் நடக்கும்போது இப்படி ஒரு வீடும் இருக்கும். அவர்களையும் போய்ப் பாருங்கள். பழைய படத்தை மறுபடி ஒட்ட உதவி வேண்டுமா என்று கேளுங்கள்.

கடைசியாக, இங்கே இருக்கும் எல்லோராலும் செய்ய முடிந்த ஒன்று. ‘காணவில்லை’ என்று வந்த படத்தை நாம் எல்லோருமே பகிர்ந்திருப்போம். நல்ல காரியம். அவர் கிடைத்த செய்தி உறுதியானதும் உங்கள் பக்கத்திலிருந்து அதை நீக்கிவிடுங்கள், உங்களிடமிருந்து வாங்கிப் பகிர்ந்தவர்களிடமும் சொல்லுங்கள். பத்து வயதில் கடத்தப்பட்ட பிள்ளை இருபத்தைந்து வயதில் வேலைக்கு விண்ணப்பிக்கும். அப்போது அதன் பெயரைத் தேடுகிறவருக்கு முதலில் அந்தப் பழைய படம் வர வேண்டாம்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். நன்றி.