அறிவினாவும் அறியாவினாவும்

(பள்ளிகளுக்கு இடையிலான வினாடி வினாப் போட்டியின் பரிசளிப்பு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

காலை ஒன்பதரை மணியிலிருந்து இந்த அரங்கின் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். முன்னால் நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். ஆனாலும் பின்னால் போய்விட்டேன். எழுத்துச் சுற்றில் தேறாத பிள்ளைகள் பின்வரிசைகளில்தான் உட்காருவார்கள். எனக்கு அவர்களைப் பார்க்க வேண்டும்.

இன்று ஆறு அணிகள்தான் மேடையேறின. மற்ற பிள்ளைகளுக்கு வந்த வேலை பதினொரு மணிக்கே முடிந்துவிட்டது. வீட்டுக்குப் போயிருக்கலாம், யாரும் போகவில்லை. என் பக்கத்தில் ஒரு பையன். மேடையில் கேள்வி விழுந்ததும் விடையை உள்ளங்கையில் பேனாவால் எழுதுவான். குவிஸ் மாஸ்டர் விடை சொன்னதும் கையை விரித்து நண்பனிடம் காட்டுவான். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்தபோது கை முழுக்க நீல மை. அதற்கு மார்க் கிடையாது, கோப்பை கிடையாது, பெயரைக்கூட யாரும் வாசிக்கப் போவதில்லை. இந்த உற்சாகம் எங்கிருந்து வருகிறது, இதை நாம் என்ன செய்யப்போகிறோம் என்பதைத்தான் பேச வந்தேன். சாத்தூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் இருபது வருடங்களுக்கு மேல் வினாடி வினா மன்றம் நடத்தியவன் என்பதைத் தவிர இதைப் பேச எனக்கு வேறு தகுதி இல்லை.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கையைத் தூக்குங்கள். சரி. உங்கள் தமிழ்ப் புத்தகத்தில் வினா எத்தனை வகை? ஆறு. “அறிவறி யாமை ஐயுறல் கொளல்கொடை ஏவல் தரும்வினா ஆறும் இழுக்கார்” என்கிறது நன்னூல். தனக்கு விடை தெரிந்திருந்தும், எதிரில் இருப்பவருக்குத் தெரியுமா என்று பார்க்கக் கேட்பது அறிவினா. தனக்கே தெரியாமல், தெரிந்துகொள்ளக் கேட்பது அறியாவினா. ஐயம், கொளல், கொடை, ஏவல் நான்கையும் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு இன்று முதல் இரண்டு போதும்.

குவிஸ் மாஸ்டர் கேட்பது எல்லாமே அறிவினா. விடை அவர் கையில் உள்ள தாளிலேயே இருக்கிறது. அப்படியிருந்தும் அது ஏன் பரீட்சைக் கேள்வி மாதிரி கசக்கவில்லை? நல்ல வினாடி வினாக் கேள்விக்குள் விடைக்குப் போகும் வழியும் இருக்கும். வருடா வருடம் புதிதாக மன்றத்தில் சேரும் பிள்ளைகளிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சென்னைப் பரங்கிமலைப் பக்கத்தில் ஒரு ஆங்கிலேயர் சங்கிலி வைத்துத் தரையில் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். அவர் ஆரம்பித்த வேலை வடக்கே போய்க்கொண்டே இருந்தது. அவர் இறந்த பிறகு பொறுப்புக்கு வந்தவரின் பெயர், இன்று உலகத்தில் உங்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு இடத்துக்கு இருக்கிறது. எந்த இடம்?

வகுப்பு முதலில் அமைதியாக இருக்கும். அப்புறம் முணுமுணுப்பு ஆரம்பிக்கும். “அளக்கிறதுன்னா சர்வே.” “வடக்கே போனா எங்கே போய் முடியும்?” “இமயமலை.” “ஆள் பேர்ல இருக்கிற மலை...” இந்த இடத்தில் யாராவது ஒரு பிள்ளை பெஞ்சைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடும். எவரெஸ்ட்! கோட்டை அளந்தவர் வில்லியம் லாம்ப்டன், அடுத்து வந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். மலையின் உயரத்தைக் கணக்குப் போட்டுச் சொன்னவர் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளி. எவரெஸ்ட்டை எந்தப் பிள்ளைக்குத் தெரியாது? அதற்கும் பரங்கிமலைக்கும் இருக்கும் தொடர்பு தெரியாது. தெரிந்த மூன்று விஷயங்களை ஒட்டவைத்துத் தெரியாத ஒன்றுக்குப் போய்ச் சேரும் அந்த அரை நிமிடம் இருக்கிறதே, அந்த ருசிக்காகத்தான் பிள்ளைகள் பின்வரிசையில் உட்கார்ந்து கையில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ‘இந்த நாட்டின் தலைநகரம் எது, அந்த நாட்டின் நாணயம் எது’ என்று அரைத்த மாவை அரைக்கும் போட்டிகளில் இந்த ருசி கிடைக்காது.

நம் நாட்டில் இந்த விளையாட்டுக்குப் பெரிய வயதில்லை. 1967இல் கல்கத்தாவில் ஒரு தேவாலயக் கூடத்தில் நீல் ஓ'பிரையன் நடத்தியதைத்தான் முதல் பொதுப் போட்டி என்பார்கள். 1972இல் போர்ன்விட்டா போட்டி வந்தது. அதை வானொலியில் முதலில் ஹமீது சயானியும், அவருக்குப் பிறகு தம்பி அமீன் சயானியும் நடத்தினார்கள். பின்னால் அதையே தொலைக்காட்சியில் நடத்திய டெரக் ஓ'பிரையன், கல்கத்தா நீலின் மகன். 1985இல் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசு ‘குவிஸ் டைம்’ நடத்தியபோது கல்லூரி அண்ணன்மார்கள் யோசிப்பதை நாடே பார்த்தது. சென்னையில் சுதந்திர தினத்தன்று நடந்த லேண்ட்மார்க் குவிஸுக்கு அப்பா, அம்மா, பிள்ளை என்று குடும்பமாக அணி சேர்ந்து வந்தார்கள். அதை நடத்திய நவீன் ஜெயகுமார் ஒரு கண் மருத்துவர். 2001இல் அமிதாப் பச்சன் முன்னால் உட்கார்ந்து ஒரு கோடி ரூபாய் ஜெயித்த ரவி மோகன் சைனிக்கு அப்போது வயது 14. பின்னாளில் அவர் ஐ.பி.எஸ். அதிகாரியானார். 2022-23 கல்வியாண்டிலிருந்து நம் அரசுப் பள்ளிகளிலும் இலக்கிய மன்றம், திரைப்பட மன்றத்தோடு வினாடி வினா மன்றம் நடக்கிறது. இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே மனது நிறைகிறது.

பெற்றோர்களிடம் ஒரு வார்த்தை. “பப்ளிக் எக்ஸாம் வருது சார், இந்தக் குவிஸ் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்” என்று என்னிடம் சொல்லாத பெற்றோர் குறைவு. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் ஒரு சோதனை வெளியிட்டார்கள். மாணவர்களுக்கு ஒரு பாடத்தைக் கொடுத்து, ஒரு பகுதியை இரண்டு தடவை படிக்கச் சொன்னார்கள். இன்னொரு பகுதியை ஒரு தடவை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு தடவை படித்ததுதான் அதிகம் நினைவில் இருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். இரண்டு தடவை படித்ததில் 42 சதவீதம் மிஞ்சியிருந்தது, மூடிவைத்து எழுதிப் பார்த்ததில் 56 சதவீதம் மிஞ்சியிருந்தது. மூளைக்குள்ளிருந்து ஒன்றைத் தேடி வெளியே எடுக்கும்போதுதான் அது உள்ளே நன்றாக ஒட்டுகிறது. வினாடி வினாவில் பிள்ளை நாள் முழுக்கச் செய்வது அதைத்தான். மன்றத்துக்கு வந்த பிள்ளைகள் படிப்பில் பின்தங்கிப் போனதை நான் பார்த்ததில்லை.

அடுத்து சொல்லப்போவது பல வருடங்களாக என் மனதில் கிடப்பது. வெளியூரில் ஒரு போட்டி. யார் நடத்தியது என்பது இப்போது வேண்டாம். கேள்விகள் எல்லாம் ஆங்கிலத்தில். திரையில் ஒரு பறவையின் படம். பச்சை, நீலம், மஞ்சள், வயிற்றடியில் சிவப்பு. விடியும்போதும் இருட்டும்போதும் கூவும், குளிர்காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே வரும் என்று குறிப்பு கொடுத்துப் பெயர் கேட்டார்கள். எங்கள் அணியில் ராஜபாளையம் பக்கம் மலையடிவாரத் தோப்பிலிருந்து வரும் ஒரு மாணவி இருந்தாள். அவளுடைய அப்பா மாந்தோப்புக் காவல் பார்ப்பவர். பஸ்ஸரை அழுத்தி, “ஆறுமணிக் குருவி” என்றாள். குவிஸ் மாஸ்டர் தாளைப் பார்த்தார். அதில் ‘இந்தியன் பிட்டா’ என்று இருந்தது. தவறு என்று சொல்லி மைனஸ் மார்க் போட்டுவிட்டார்.

இரண்டும் ஒரே பறவை! அந்தக் குறிப்பையே பெயராக வைத்திருக்கிறது தமிழ். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் கூவுவதால் ஆறுமணிக் குருவி. அந்தப் பிள்ளை அதைப் புத்தகத்தில் படிக்கவில்லை, தோப்பில் கேட்டிருக்கிறாள். நான் எழுந்து சொன்னேன், ஏற்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள், “சார், இங்கிலீஷ் பேரு தெரிஞ்சாத்தான் தெரிஞ்ச மாதிரியா?” என்று கேட்டாள். அன்றைக்கு நான் சரியான பதில் எதுவும் சொல்லவில்லை. இங்கே போட்டி நடத்துபவர்கள் இருக்கிறீர்கள். கேள்வியை இரண்டு மொழியிலும் வாசியுங்கள், விடைத்தாளில் தமிழ்ப் பெயரையும் எழுதி வையுங்கள். இன்றைய குவிஸ் மாஸ்டர் அப்படித்தான் செய்தார், அவருக்கு என் நன்றி.

தாளில் எழுதிய விடை எப்போதும் சரியாகவே இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். ‘குவிஸ்’ என்ற சொல் எப்படி வந்தது என்று கேட்டால் ஒரு கதை சொல்வார்கள். 1791இல் டப்ளினில் டேலி என்ற நாடகக் கொட்டகைக்காரர், 24 மணி நேரத்தில் ஒரு புதுச் சொல்லை ஊருக்குள் பரப்பிக் காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டி, சுவரெல்லாம் எழுதவைத்தாராம். நானே அதைப் பல தடவை கேள்வியாகக் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த ஆண்டுக்கு முன்பே அந்தச் சொல் எழுத்தில் வந்திருக்கிறது. இதை எனக்குச் சுட்டிக்காட்டியது ஒன்பதாம் வகுப்பு மாணவன். நூலகத்தில் பெரிய அகராதியைப் புரட்டிவிட்டு வந்து, “சார், உங்க விடை தப்பு போலருக்கு” என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். கட்டிக்கொள்ளாத குறைதான்.

அதன் பிறகுதான் மன்றத்தின் முறையை மாற்றினேன். வாரத்துக்கு ஒரு கேள்வியைப் பிள்ளைகளே கொண்டுவர வேண்டும். போன வாரம் வரை அவர்களுக்கே விடை தெரியாத கேள்வியாக இருக்க வேண்டும். விடையை இரண்டு இடங்களில் சரிபார்த்திருக்க வேண்டும். முதல் மாதம் எல்லோரும் இயர்புக்கைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தார்கள். இரண்டாம் மாதம் ஒரு பையன் வேறு மாதிரி ஒன்றைக் கேட்டான். அவன் வீட்டில் தீப்பெட்டி ஒட்டுகிற வேலை. “சார், தீக்குச்சியைச் சுவத்துல உரசுனா ஏன் பத்த மாட்டேங்குது? பெட்டியில உரசுனாத்தானே பத்துது?” பிறந்ததிலிருந்து தீப்பெட்டிக்கு நடுவில் வளர்ந்த பிள்ளை கேட்கிறான். எனக்கும் விடை தெரியவில்லை. வேதியியல் ஆசிரியரிடம் போனோம். சிவப்பு பாஸ்பரஸ் பெட்டியின் பக்கவாட்டில்தான் இருக்கிறது. குச்சியின் தலையில் இருப்பது ஆக்சிஜனைக் கொடுக்கும் பொட்டாசியம் குளோரேட். இரண்டும் உரசிச் சந்தித்தால்தான் நெருப்பு. ஆபத்தைக் குறைக்கத்தான் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பையன் அன்று மாலை வீட்டுக்குப் போய் அம்மாவுக்கு இதை விளக்கியிருக்கிறான். மறுநாள் அந்த அம்மா பள்ளிக்கே வந்து, “இத்தனை வருஷம் ஒட்டுறேன், எனக்கு யாரும் இதைச் சொன்னதில்லை சார்” என்றார்.

நன்னூல் சொன்ன அறியாவினா இதுதான். பஸ்ஸர் அழுத்தும் உற்சாகத்தோடு வரும் பிள்ளையை இந்த இடம் வரைக்கும் கூட்டிவந்துவிட்டால், அப்புறம் நாம் விலகி நின்றுகொள்ளலாம். கூட்டிவர நமக்குப் பொறுமை வேண்டும். கேள்வி கேட்கும் பிள்ளையிடம் “இது சிலபஸ்ல இல்ல” என்று சொல்லாமல் இருக்கத் தெரிய வேண்டும். ‘எனக்குத் தெரியாது, வா பார்க்கலாம்’ என்று ஆசிரியர் வகுப்பில் சொல்லத் தயங்கக் கூடாது. எனக்கே அது கைவரப் பல வருடங்கள் ஆயின.

அமைப்பாளர்களிடம் ஒன்று கேட்டிருந்தேன், ஒத்துக்கொண்டார்கள். வாசலில் அட்டைப்பெட்டி ஒன்று இருந்ததே, பார்த்திருப்பீர்கள். வெளியேறிய அணிகள் உட்பட எல்லாப் பிள்ளைகளும் ஆளுக்கொரு கேள்வி எழுதிப் போடலாம். அடுத்த வருடம் ஒரு சுற்று முழுக்க அந்தக் கேள்விகள்தான். சாப்பாட்டு நேரத்தில் சிலவற்றைப் பிரித்துப் படித்தேன். ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளை எழுதியிருந்ததை மட்டும் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன், வாசிக்கிறேன். “எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்துக்குச் சாவடி விலக்கு என்று பெயர். அங்கே சாவடியே இல்லை. சாவடி எங்கே இருந்தது? எப்போது போனது?”

இதற்கு எனக்கு விடை தெரியாது. எந்த இயர்புக்கிலும் இருக்காது. கூட்டத்தில் அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள், எழுபது வயதைத் தாண்டியவர்கள் யாராவது இருந்தால், விழா முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள். நானும் அந்தப் பிள்ளையும் அங்கேதான் நிற்போம்.