பூட்டைத் தொடாமலே உள்ளே வருவார்கள்

[காட்சி: பெங்களூரு அல்சூரில் ஒரு மாடி வீட்டு வாசல். கதவில் கையகலப் பித்தளைப் பூட்டு.]

வணக்கம். பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும்போது பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்போம். பஸ் ஓசூரைத் தாண்டியதும் “பூட்டினோமா?” என்று மறுபடி சந்தேகம் வரும். பூட்டு பத்திரமாகத்தான் இருக்கும். திருடனுக்கு அதில் வேலையே இல்லை.

[காட்சி: கொண்டி, மிக அருகில்.]

அவன் பார்ப்பது இந்தக் கொண்டியை. இதைக் கதவோடு பிடித்திருப்பவை நாலு சின்ன ஸ்குரூக்கள். இடுக்கில் ஒரு இரும்புக் கம்பியைக் கொடுத்து நெம்பினால், பூட்டியது பூட்டியபடி மொத்தமாகப் பெயர்ந்து வந்துவிடும். ஆயிரம் ரூபாய்ப் பூட்டை அஞ்சு ரூபாய் ஸ்குரூ காட்டிக்கொடுத்துவிடும்.

போதாக்குறைக்கு, வெளியே தொங்கும் பூட்டு “ஆள் இல்லை” என்று தெருவுக்கே சொல்கிறது. அதனால் கதவுக்குள் புதைத்து வைக்கும் பூட்டுதான் என் கட்சி. அதிலும் ஒன்று கவனியுங்கள். பூட்டின் நாக்கு போய் உட்காரும் தகடு கதவு நிலையில் இருக்கிறதல்லவா, அதை இரண்டரை அங்குல ஸ்குரூ போட்டு முடுக்கச் சொல்லுங்கள். உதைத்தால் முதலில் பிய்வது அதுதான். வாடகை வீடா? ஓனரிடம் கேளுங்கள். பத்து மாத அட்வான்ஸ் வாங்கியவர் நாலு ஸ்குரூவுக்கு மறுக்க மாட்டார்!

[காட்சி: பாத்ரூம் ஜன்னல்.]

பழைய வீடுகளில் பாத்ரூம் ஜன்னலுக்குக் கண்ணாடிப் பட்டைகள்தான். சத்தமில்லாமல் ஒவ்வொன்றாக உருவிவிடலாம். உள்பக்கம் கம்பி அடியுங்கள். மொட்டை மாடிக் கதவையும் பாருங்கள்.

அப்புறம் வாசல். மார்கழி முழுக்கக் கோலம் போட்ட வாசல் தை பிறந்ததும் வெறுமையாகக் கிடந்தால், கேட்டில் நந்தினி பால் பாக்கெட் தொங்கினால், யாரும் விசாரிக்கவே வேண்டாம். பாலையும் பேப்பரையும் நிறுத்துங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு கோலம் போடச் சொல்லுங்கள். பகலிலும் எரியும் வாசல் விளக்கு காவல் இல்லை, விளம்பரம். நேரம் பார்த்துத் தானே விளக்கைப் போட்டு அணைக்கும் டைமர் பிளக் போடுங்கள். செருப்பு ஸ்டாண்டில் சாவி வைக்கும் பழக்கம் உங்களுக்குத் தெரிந்த மாதிரியே அவனுக்கும் தெரியும்.

கேமரா இருக்கிறதே என்பீர்கள். சரி, அதன் ரெக்கார்டர் பெட்டி எங்கே? டிவிக்குப் பக்கத்தில்தானே? போகும்போது அதையும் தூக்கிக்கொண்டு போய்விடுவான். பரணில் மறைத்து வையுங்கள்.

[காட்சி: பீரோ.]

நகையைப் புடவைக்கு அடியில் வைக்காமல் பேங்க் லாக்கரில் வையுங்கள். 2022 ஜனவரி முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, லாக்கரில் திருட்டு நடந்தால் பேங்கின் பொறுப்பு வருட வாடகையைப் போல 100 மடங்கு வரை. வாடகை 3,000 என்றால் 3 லட்சம். நகை அதற்கு மேல் போகும் என்றால் தனியாக இன்ஷூரன்ஸ் எடுங்கள். வீட்டுக்கு ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசி இருக்கிறது என்று சும்மா இருக்காதீர்கள். தீ, வெள்ளம் போன்ற சேதத்தை அடுத்து 7 நாளுக்குள் நடக்கும் திருட்டுக்குத்தான் அது பணம் தரும். பூட்டை உடைத்துத் திருடுவதற்குத் தனி கவர் சேர்க்க வேண்டும்.

கிளம்பும் முன் போலீஸ் ஸ்டேஷனில் தேதியைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

[காட்சி: பெயர்ந்து தொங்கும் கொண்டி.]

திரும்பி வரும்போது கதவு இப்படி இருந்தால் உள்ளே போகாதீர்கள். ஆள் இன்னும் உள்ளே இருக்கலாம். வெளியே நின்றபடி 112-ஐக் கூப்பிடுங்கள். மனசு பதறும், கை நேராகப் பீரோவுக்குத்தான் போகும். கைரேகை எடுத்து முடிக்கும்வரை எதையும் தொடாதீர்கள்.