அயலைக் கூப்பிடத்தான் சென்சர்

நடுவர் அவர்களே, தனியாக இருக்கிற வயதானவர்களின் வீட்டில் சென்சர் வைக்க வேண்டும் என்பதே எங்கள் கட்சி. எதிரணி அண்ணா கடைசியாகக் கேட்டதற்கே முதலில் வருகிறேன். "வன்னியில் எங்களைக் கண்காணித்தது போதாதா, இனி வயதானவர்களின் வீட்டுக்குள்ளும் சென்சரா?" என்றார். சபை கைதட்டியது, எனக்கும் தட்டத்தான் மனம் வந்தது. ஆனால் அண்ணா, நீங்கள் சொன்ன பயம் கமராவுக்குரியது. நாங்கள் கேட்பது உடம்புச் சூடு நகர்வதை மட்டும் அறிகிற ஒரு சின்னப் பெட்டி. அதற்கு முகம் தெரியாது, பேச்சுக் கேட்காது. அம்மம்மா வேண்டாம் என்றால் அன்றைக்கே கழற்ற வேண்டும், அதில் எங்களுக்கு மறுபேச்சில்லை.

"அயல் இருக்கிறதே" என்றீர்கள். எந்த அயல்? வன்னியில் விசுவமடுப் பக்கம் போய்ப் பாருங்கள், பிள்ளைகள் ரொறன்ரோவில், பக்கத்து வளவில் படலை பூட்டிக் கிடக்கிறது, அதற்கடுத்த வீட்டுக்குக் கூப்பிட்டால் நாய்க்குத்தான் கேட்கும். பகலில் யாராவது எட்டிப் பார்ப்பார்கள், சரி. இரவு 2 மணிக்கு? மலசலகூடம் வளவின் மூலையில். அம்மம்மா ரோச்சை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறக்கிறா, கிணற்றடிப் பாசியில் கால் வழுக்குகிறது. கதவில் காந்தச் சென்சர் இருந்தால், திறந்து அரை மணியாகியும் உள்ளே நடமாட்டம் இல்லை என்று அதற்கடுத்த வீட்டுத் தம்பியின் போன் அடிக்கும். இல்லாவிட்டால் விடிந்த பிறகு யாரோ வந்துதான் காண வேண்டும். 65 வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு 28 முதல் 35 பேர் ஆண்டுதோறும் விழுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அறிக்கை சொல்கிறது. விழுவதை விட, எழும்ப முடியாமல் மணிக்கணக்கில் கிடப்பதுதான் ஆபத்து: உடம்பில் நீர் வற்றும், அமுங்கிய தசை சிதைந்து சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

சித்திரை வெயிலில் இந்தப் பெட்டி திணறும் என்றார் இன்னொருவர். மெய்தான், சுவர் உடம்புச் சூட்டுக்குக் கிட்ட வந்தால் அதற்கு ஆள் எது சுவர் எது என்று பிரிக்கக் கஷ்டம். ஆனால் அந்த நேரம் அம்மம்மா மாமர நிழலில் இருப்பா, றோட்டால் போகிற எல்லாருக்கும் தெரியும். எங்களுக்குப் பயம் இரவுக்குத்தான்.

மகனுக்கு மட்டும் மணி அடித்துப் பயனில்லை. இங்கே நடுச்சாமம், அவருக்குப் பின்னேரம், வேலையால் வருகிற வழியில் யாரைத் தேடிப் பிடிப்பார்? முதல் அழைப்பு அயலுக்கு, பிறகுதான் ரொறன்ரோவுக்கு.

கரண்ட் போனால் என்றும் கேட்டீர்கள். இந்தச் சென்சர்கள் பற்றரியில் ஓடும். ரவுட்டருக்குத்தான், கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் ஓட வைக்கிற ஒரு யூபிஎஸ் வேண்டும், அதை மகன் வாங்கித் தரட்டும்.