சுத்தியல் சத்தம்: அச்சத்தின் பக்கம் நின்று ஒரு பட்டிமன்றப் பேச்சு

நடுவர் அவர்களே, அவையில் இருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

இணைய மோசடியில் மக்கள் ஏமாறுவது பெரிதும் ஆசையாலா, அச்சத்தாலா? இதுதான் இன்றைய தலைப்பு. அச்சத்தால்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் நம்மை உலகம் முழுக்கச் சுற்றிக் காட்டினார். 'புதைத்து வைத்த பெட்டி ஒன்று இருக்கிறது, வழிச்செலவுக்கு மட்டும் கொஞ்சம் அனுப்புங்கள்' என்று பிரெஞ்சுச் சிறைகளிலிருந்து கைதிகள் எழுதிய கடிதங்களைச் சொன்னார். 45 நாளில் 50 சதவீத லாபம் என்று 1920-இல் பாஸ்டன் நகரத்தையே வரிசையில் நிற்க வைத்த சார்லஸ் போன்சியைச் சொன்னார். கடைசியில் பெருந்துறைப் பக்கம் இறங்கி ஈமு கோழியையும் பிடித்துக்கொண்டு வந்தார். நன்றாக இருந்தது, நானும் கை தட்டினேன். ஆனால் ஐயா, இவையெல்லாம் ஏமாற்றுகிறவன் எதையாவது கொடுப்பதாகச் சொன்ன காலத்துக் கதைகள். இன்று போன் செய்கிறவன் என்ன சொல்கிறான்? "உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, மும்பை போலீஸ் பேசுகிறோம்" என்கிறான். இதில் ஆசைப்பட என்ன இருக்கிறது? பார்சலையா கேட்கப் போகிறோம்?

2024 ஆகஸ்டில் லூதியானாவில் நடந்ததைப் பாருங்கள். பெரிய ஜவுளி நிறுவனத்தின் தலைவர், 82 வயது, பத்ம பூஷண் வாங்கியவர். வீடியோ அழைப்பில் சிபிஐ அதிகாரிகளாக நடித்தவர்கள் அவரை இரண்டு நாள் 'டிஜிட்டல் கைது' செய்து, அதாவது அழைப்பைத் துண்டிக்க விடாமல் கண்காணிப்பிலேயே வைத்தார்கள். உச்ச நீதிமன்ற விசாரணை என்று ஒன்றை நடத்தினார்கள். தலைமை நீதிபதி என்று ஒரு குரல் பேசியது. போனது 7 கோடி ரூபாய். அதில் பெரும்பகுதியைப் போலீஸ் மீட்டது, அது வேறு விஷயம். அந்த மனிதருக்கு இன்னும் ஒரு கோடி சம்பாதிக்கும் ஆசை இருந்தது என்று எதிரணி சொல்லுமா?

அந்தப் போலி விசாரணையில் நீதிபதியின் முகம் தெரியவில்லை, சுத்தியல் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது என்று அவர் பிறகு பேட்டியில் சொன்னார். என் மனம் சிக்கிக்கொண்டது இந்த இடத்தில்தான். இந்திய நீதிமன்றங்களில் நீதிபதிகள் சுத்தியல் தட்டுவதில்லை. சந்தேகம் இருந்தால் நாளைக் காலையில் பக்கத்துக் கோர்ட்டுக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். அப்புறம் அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது? சினிமாவிலிருந்து. மோசடிக்காரன் சட்டப் புத்தகம் படிக்கவில்லை, நம்மோடு உட்கார்ந்து படம் பார்த்திருக்கிறான். நமக்குச் சட்டம் சொல்லிக் கொடுத்தது திரைதானே! லாக்கப்பில் அடித்தால் உண்மை வரும், என்கவுன்டர் செய்தால் விசில் அடிக்கலாம், பெரிய அதிகாரி கத்தினால் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். நாற்பது வருடம் இப்படிப் பாடம் கேட்டவனுக்கு, திரையில் ஒரு காக்கிச் சட்டை வந்தால் கை நடுங்காதா?

சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதிகளின்படி, கைது செய்கிறவர் தன் பெயர் தெரியும்படி அடையாளம் அணிந்திருக்க வேண்டும். சாட்சியின் கையெழுத்தோடு கைதுக் குறிப்பு எழுத வேண்டும். குடும்பத்தாருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும். மோசடிக்காரனின் முதல் கட்டளை என்ன? "வீட்டில் யாரிடமும் சொல்லாதே." சட்டத்தைத் தலைகீழாகப் பிடித்து நீட்டுகிறான், நாமும் தலையாட்டுகிறோம். காரணம், நம் ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்த போலீஸ் அந்தத் தலைகீழ் போலீஸ்தான்.

இந்தப் பயம் நேற்று வந்ததில்லை. 1854-இல் சென்னை மாகாணத்தில் அரசாங்கமே ஒரு விசாரணைக் குழு போட்டது. எதற்கு? வரி வசூலிக்க அதிகாரிகள் குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்களா என்று பார்க்க. செய்தார்கள் என்று 1855-இல் அறிக்கை வந்தது. விரல்களை நெருக்கும் கிட்டி, குனிய வைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாள், எல்லாம் அதில் இருக்கிறது. கைரேகைச் சட்டம் என்று நம் ஊரில் சொன்ன குற்றப் பரம்பரைச் சட்டத்தின் காலத்தில் இதே தமிழ் மண்ணில் சில சாதிகளைச் சேர்ந்த ஆண்கள் ராத்திரி ஆனால் ஸ்டேஷனில் ஆஜராக வேண்டியிருந்தது. 'நான் குற்றம் செய்யவில்லையே' என்ற வாதத்துக்கு அங்கே இடமே இல்லை. 'சர்க்கார் கேட்டால் கொடுத்துவிடு, கேள்வி கேட்காதே' என்று பாட்டன் காலத்திலிருந்து சொல்லி வளர்த்திருக்கிறோம். அந்தச் சொத்தைத்தான் இன்றைக்குப் போனில் ஒருவன் அனுபவிக்கிறான்.

இதில் மொழிக்கும் பங்கு உண்டு. அந்த அழைப்பு பெரும்பாலும் இந்தியிலோ ஆங்கிலத்திலோதான் தொடங்குகிறது. பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸ் வரும். மேலே சிங்க முத்திரை, கீழே சிவப்பு சீல், நடுவில் நீளமான ஆங்கிலம். பேங்க் படிவத்திலிருந்து ஆஸ்பத்திரி ஒப்புதல் வரைக்கும், புரியாத தாளில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டே பழகியவர்கள் நாம். எதிர்த்துப் பேச வராத மொழியில் மிரட்டினால் மிரட்டல் இரட்டிப்பாகிவிடுகிறது. தமிழில் மிரட்டியிருந்தால் எங்கள் சித்தப்பா திருப்பித் திட்டியிருப்பார். நகராட்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தெருவில் எல்லோருடனும் வாய்ச்சண்டை போடுகிறவர். அவருக்கு அந்த வீடியோ அழைப்பு வந்தபோது, நாற்காலியை விட்டு எழுந்து நின்றே பேசியிருக்கிறார்! செல்போனுக்கு முன்னால், பனியனோடு, கையைக் கட்டிக்கொண்டு. சித்தி உள்ளே வந்து "யாருக்கு இந்த மரியாதை?" என்று போனைப் பிடுங்கியதால் பென்ஷன் பணம் பிழைத்தது.

எதிரணியில் அடுத்துப் பேசப் போகிறவர் கையில் ஒரு தாள் வைத்திருக்கிறார், இங்கிருந்தே தெரிகிறது. என்ன கணக்கு என்று நானே சொல்லிவிடுகிறேன். 2024-இன் முதல் நான்கு மாதத்தில் பங்கு வர்த்தக மோசடியில் போனது 1,420 கோடி, டிஜிட்டல் கைதில் போனது 120 கோடி. மத்திய அரசின் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் சொன்ன கணக்குதான், மறுக்கவில்லை. ஆசைதானே பெரியது என்பீர்கள். சரி, அந்த வர்த்தக மோசடி எப்படி நடக்கிறது என்று முழுதாகப் பாருங்கள். ஆசை காட்டி ஐம்பதாயிரம் போட வைக்கிறான். செயலியில் லாபம் ஏறுவது போலக் காட்டி இன்னும் போட வைக்கிறான். இதுவரை உங்கள் கட்சி, ஒப்புக்கொள்கிறேன். பணத்தை எடுக்கப் போகிற அன்றைக்குத்தான் கதை மாறுகிறது. "முதலில் 30 சதவீத வரி கட்டு. கட்டாவிட்டால் கணக்கு முடக்கம். கறுப்புப் பண வழக்கு வரும்" என்கிறான். நகையை அடகு வைப்பது, மகளின் கல்யாணப் பணத்தை எடுப்பது, மச்சானிடம் கடன் கேட்பது எல்லாம் அதற்குப் பிறகுதான் நடக்கிறது. அந்த நேரத்தில் அவன் லாபத்தையா நினைக்கிறான்? போட்டது போய்விடுமோ, வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்று நடுங்குகிறான். அந்தப் பணத்தையும் ஆசைக் கணக்கில் எழுதிக்கொண்டு வந்து நம்மிடம் காட்டுகிறார்கள். பணம் போனதும் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்தால் கொஞ்சமாவது முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு. பலர் அழைப்பதில்லை. நாலு பேர் சிரிப்பார்களே என்ற பயம். இதுவும் எங்கள் கட்சிதான்.

மணி அடிக்கப் போகிறீர்கள் என்று தெரிகிறது, ஒரு நிமிஷம். போனின் அந்தப் பக்கத்தையும் பார்த்துவிடுவோம். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன நம் பையன்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோய் அடைத்து, இதே இணைய மோசடி வேலையைச் செய்ய வைத்தார்கள். 2022 அக்டோபரில் 13 தமிழர்கள் அங்கிருந்து மீண்டு சென்னை வந்து இறங்கினார்கள். ஏமாற்ற மறுத்தால் அடி, மின்சார அதிர்ச்சி என்று திரும்பி வந்தவர்கள் சொன்னார்கள். ஆக, நம்மை மிரட்டுகிற குரலுக்குப் பின்னாலும் கம்போடு ஒருவன் நிற்கலாம். அடுத்துப் பேச வருகிற அம்மா அந்தக் கணக்குத் தாளை மடித்து வைத்துவிட்டு, முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்: அந்த அறையில் உட்கார்ந்து போன் செய்த பையனுக்கு என்ன ஆசை இருந்தது?

நன்றி, வணக்கம்.